மோதியவர் கையில் போன்: பேசி முடிப்பதா, கேஸ் போடுவதா?

"அண்ணே, எம்பதாயிரம் தர்றேங்கிறாங்க. கையெழுத்துப் போட்டா நாளைக்கே பணம். போடவா?"

கல்லல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் கடை வாசலில் நின்று கேட்டது இது. தேவகோட்டையில் கோர்ட்டுக்குப் போகும் வழியில் ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். வக்கீல் இல்லை. ஆனால் விபத்து இழப்பீட்டு மனுக்களை, இங்கே எல்லாரும் சொல்கிற எம்.சி.ஓ.பி.யை, ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்த கை இது. அவர் கணவர் கொத்தனார், வயது 38. வேலை முடிந்து டி.வி.எஸ்.ஸில் வந்துகொண்டிருந்தவரை எதிரே வந்த கார் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அடித்திருக்கிறது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். ஓட்டியவர் போனைக் காதில் வைத்திருந்ததை டீக்கடையில் நின்ற இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவந்த தாளில் கடைசி வரி இப்படி இருந்தது: "இனி எக்காலத்திலும் இது தொடர்பாக எந்த உரிமையும் கோர மாட்டோம்." அவர் அந்த வரி வரை படிக்கவில்லை. எண்பதாயிரம் என்று எழுதிய இடத்தோடு நின்றுவிட்டார்.

மாதத்துக்கு நான்கைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அதனால் எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## முதலில் அந்த போன்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வாட்ஸ்அப் சத்தம் கேட்டு இரண்டு விநாடி குனிந்தால் 33 மீட்டர். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு தாண்டி நடந்து பாருங்கள். அவ்வளவு தூரத்தையும் அந்த ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார். திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் 80இல் போவது சாதாரணம். அங்கே மூன்று விநாடி என்பது 66 மீட்டர்.

காதில் மாட்டிக்கொண்டு பேசினால் தப்பு இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கை விடுபடுகிறது, உண்மைதான். கவனம் விடுபடுவதில்லை. பேசுகிறவர் கண் சாலையில் இருக்கும், மனம் பேச்சில் இருக்கும். இந்தப் பக்கம் கல்யாண முகூர்த்த நாட்களில் "எந்த ஊர் தாண்டிட்டீங்க?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வண்டி ஓட்டுகிறவரையே கூப்பிடும் பழக்கம் இருக்கிறது. கூப்பிடுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டும்போது கையில் போனைப் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றமாக வருகிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போயிருந்தால், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

இங்கே நிறையப் பேர் ஏமாறுகிற ஒரு விஷயம் இருக்கிறது. போன் பேசியதற்காக இழப்பீடு ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. இழப்பீடு உங்கள் நஷ்டத்துக்கு. அவர் தண்டனைக்குத் தனிக் கேஸ். போன் வேலை செய்வது ஒரே இடத்தில்தான்: தவறு யாருடையது என்று நிரூபிப்பதில். அவர் போன் பேசினார் என்பதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் தராமல் நழுவவும் முடியாது. அதனால் போன் ஆதாரம் கையில் இருக்கிறதா இல்லையா என்பதே எந்த வழியில் போகலாம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும். பணம் எவ்வளவு நாளில் கைக்கு வரும்? உண்மையான நஷ்டத்தில் எவ்வளவு பங்கு வரும்? தவறு அவருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டுமா? நம் கையிலிருந்து என்ன செலவாகும்? ஐந்தாவது, பெரும்பாலும் யாரும் கேட்காதது: இந்த வழியில் கால் வைத்த பிறகு திரும்பி வேறு வழிக்குப் போக முடியுமா?

அந்த ஐந்தாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். கால் எப்படிக் கூடும் என்று டாக்டருக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் திரும்ப முடியாத கையெழுத்தைப் போட்டவர்கள்தான் பின்னால் என் கடைக்கு வந்து, "வேற ஏதாவது வழி இருக்காண்ணே" என்று கேட்கிறவர்கள்.

## அவசரப்பட வைப்பது ஆஸ்பத்திரி பில்

முதல் வாரத்தில் சமரசத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் மருத்துவச் செலவு பயம்தான். மோதியவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று "செலவு நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னதும் மனம் இளகிவிடும். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும்.

தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கான அவசர சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளோடு பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவும் தடையில்லை. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சேர்க்கும்போதே இவற்றைக் கேளுங்கள். பில் பயம் குறைந்தால் பேரம் பேசுகிற நிலை தானாக மாறும்.

மோதியவர் மனிதாபிமானத்தில் பணம் தந்தால் வாங்கலாம், தப்பில்லை. ரசீதில் "மருத்துவச் செலவுக்கு உதவியாகப் பெற்றது" என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

## வழி 1: திண்ணையில் பேசி முடிப்பது

இதன் பலம் வேகம். இரண்டு நாளில் பணம். கோர்ட் அலைச்சல் இல்லை, ஊருக்குள் பகை இல்லை. மோதியவரும் அடிபட்டவரும் பக்கத்து ஊர்க்காரர்களாக இருப்பது இங்கே சகஜம். நாளைக்கு ஒரே கோயில் திருவிழாவில் நிற்க வேண்டியவர்கள். அந்தக் கணக்கையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது, பேசி முடிக்கிறவர்கள் எஃப்.ஐ.ஆர். போட விட மாட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனால் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழ வேண்டியிருக்கும். தாமதமாகப் போட்ட எஃப்.ஐ.ஆர். என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் வேண்டும். இரண்டாவது, பிளேட் எடுக்க அடுத்த வருடம் ஒரு ஆபரேஷன் இருக்கும். அது பேச்சில் வருவதே இல்லை. மூன்றாவது, தருகிறவர் தன் பையிலிருந்து தருவதால் அவரால் முடிந்ததைத்தான் தருவார். அவர் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால், முழு இழப்பீட்டையும் கொடுக்க வேண்டிய கம்பெனி சும்மா உட்கார்ந்திருக்க, அவரும் நஷ்டப்பட்டு நீங்களும் நஷ்டப்படுகிறீர்கள். இதை அவருக்கே எடுத்துச் சொன்னால் பல பேர் "அப்ப கேஸே போட்டுக்கங்க, நான் பேப்பர் தர்றேன்" என்று வழிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எழுதிக்கொடுத்த தாள் சட்டப்படி எவ்வளவு நிற்கும் என்பது வேறு விஷயம். விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அதைத்தான்.

எப்போது இது சரி? சிராய்ப்பு, வண்டி டேமேஜ், ஒரு வார ஓய்வு என்றால் தாராளமாகப் பேசி முடியுங்கள். எலும்பு முறிந்திருந்தால் வேண்டாம். தலையில் அடி என்றால் வாந்தி, மயக்கம் எதுவும் இல்லையென்றாலும் வேண்டவே வேண்டாம். உயிர் போன வழக்கை ஸ்டேஷனில் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. யாராவது முடித்துத் தருவதாகச் சொன்னால் அவரிடமிருந்து தள்ளியே நில்லுங்கள்.

## வழி 2: தவறு யாருடையது என்று கேட்காத 164

மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய 164ஆம் பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயக் கணக்கில் வரும். ஓட்டியவர் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சாட்சி இல்லை, கேமரா இல்லை, போன் பேசினார் என்பது வெறும் சந்தேகம்தான் என்றால் இந்த வழி பெரிய ஆறுதல்.

பணம் வருவதும் ஒப்பிட்டால் சீக்கிரம். விபத்துத் தகவல் கிடைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு அதிகாரியை நியமித்து, சமரசத் தொகையைச் சொல்ல வேண்டும் என்று 149ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் ஒத்துக்கொண்டால் அதைத் தீர்ப்பாயம் பதிவு செய்யும்.

பொறி இங்கேதான். அந்த முறையில் 164க்கான பணத்தை வாங்கிக்கொண்டால், 166ஆம் பிரிவில் நீங்கள் போட்ட முழு இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும். சட்டமே அப்படி எழுதியிருக்கிறது. "இப்ப ரெண்டரை லட்சம் வாங்கிப்போம், மீதிக்கு அப்புறம் கேஸ் நடத்துவோம்" என்பது நடக்காது. பழைய சட்டத்தில் இடைக்கால நிவாரணம் வாங்கிக்கொண்டு கேஸையும் நடத்திய பெரியவர்கள் இன்றும் அதே யோசனையைச் சொல்கிறார்கள். அது அந்தக் காலம்.

வித்தியாசம் எவ்வளவு என்று கொத்தனார் கணக்கிலேயே பார்க்கலாம். மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது என வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குள் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று பிரணய் சேத்தி வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; 38 வயதுக்கு 2009இன் சரளா வர்மா தீர்ப்பின்படி அந்தப் பெருக்கல் எண் 15. மொத்தம் 37,80,000. கால் ஊனத்தால் அவர் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிற்று என்று முடிவானால் 11,34,000. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வலிக்கு, உதவியாளுக்கு என்று தனித்தனியாக உண்டு. ஒரு பக்கம் பதினோரு லட்சத்துக்கு மேல், இன்னொரு பக்கம் இரண்டரை லட்சம், திண்ணையில் எண்பதாயிரம்.

இதே மனிதர் இறந்திருந்தால்? மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் நம்பியிருந்தால், அவருடைய சொந்தச் செலவாகக் கால் பங்கைக் கழிப்பார்கள். 15,750 பெருக்கல் 12, பெருக்கல் 15 என்றால் 28,35,000. 164இல் 5 லட்சம்.

அதனால் 164 யாருக்கு? தவறு அடிபட்டவர் பக்கமே இருக்கிறது, அல்லது ஆதாரம் சுத்தமாக இல்லை, அல்லது வயதானவர், வருமான இழப்பு குறைவு. இவர்களுக்கு நல்ல வழி. தன் வண்டியைத் தானே ஓட்டிக் கவிழ்த்தவருக்கு இது உதவாது. சொந்த வண்டியின் கம்பெனியிடம் இந்தப் பிரிவில் கேட்க முடியாது. அவர் குடும்பம் பார்க்க வேண்டியது பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதை. முறையான லைசென்ஸ் இருந்து, பிரீமியமும் கட்டியிருந்தும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விட்ட வீடுகள் உண்டு.

## வழி 3: சொந்த வக்கீல் வைத்து 166

முழு நஷ்டமும் கேட்கக்கூடிய வழி. தவறை நிரூபிக்க வேண்டும். ஆனால் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஓட்டியவர் மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அந்த நகல் உங்களுக்குப் பொன். அவர் விடுதலையானாலும் உங்கள் மனு அதோடு போய்விடாது.

விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். மதுரை ரிங் ரோட்டில் அடிபட்ட காரைக்குடிக்காரர் நம் மாவட்டத்திலேயே போடலாம். கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து கானாடுகாத்தான் வந்து அடிபட்டவர் சென்னையிலேயே போடலாம்.

கெடு ஆறு மாதம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166(3) சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மறைந்த செலவு என்றால் இங்கே முதலில் வருவது பர்சன்டேஜ். "கையிலிருந்து ஒண்ணும் வேணாம், வர்றதுல முப்பது சதவீதம்" என்று ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கின்றன. நல்ல வக்கீல்கள் பீஸ் இவ்வளவு என்று எழுதியே தருவார்கள். பங்கு பேசுகிறவருக்கு வழக்கைச் சீக்கிரம் முடித்துத் தன் பங்கை எடுப்பதில்தான் கண் இருக்கும். பிளேட் எடுக்கிற வரைக்கும் பொறுப்பதில் இருக்காது.

அடுத்தது காலம். ஓரிரு வருடத்தில் முடிந்ததும் தட்டச்சு செய்திருக்கிறேன், ஐந்து வருடம் ஓடியதும் செய்திருக்கிறேன். மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மனு போட்ட நாளிலிருந்து வட்டி ஓடும், நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் என்பதைப் பார்க்கிறேன். கந்து வட்டிக்கு வாங்கி வீட்டை ஓட்டுகிறவருக்கு அந்த 7.5 ஆறுதல் ஆகாது.

பணம் வந்ததும் மொத்தமும் கையில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளின் பங்கை அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டுவிடுவார்கள். சில மாமனார்கள் இதற்காகக் கோர்ட் வாசலில் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்னவோ அந்த ஏற்பாடு நல்லதென்றே படுகிறது.

## வழி 4: இலவச சட்ட உதவி வழியாக அதே 166

மனு அதேதான், தீர்ப்பாயமும் அதேதான். வக்கீலை மட்டும் வட்ட சட்டப் பணிகள் குழுவோ, சிவகங்கையிலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ நியமிக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. கணவரை இழந்த பெண் மனுதாரர் என்றால் அவர் வீட்டில் கார் இருந்தாலும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம்.

"ஓசி வக்கீல் ஒழுங்கா நடத்த மாட்டாரு" என்பது ஊர்ப் பேச்சு. பாதி உண்மை. அவர்களுக்குக் கிடைக்கும் படி குறைவு, கையில் கேஸ் அதிகம். ஆனால் அதே பட்டியலில் தனியாகவும் நல்ல பெயர் எடுத்த இளம் வக்கீல்கள் இருக்கிறார்கள். கவனிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். உங்கள் பக்கம் செலவாவது பணமல்ல, நடை. வாய்தா தேதியை நீங்களே குறித்து வைத்து, முதல் நாள் ஞாபகப்படுத்த வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு ஆள் இருந்தால், முப்பது சதவீதப் புரோக்கரைவிட இது எவ்வளவோ மேல்.

## வழி 5: மக்கள் நீதிமன்றம்

இது தனி வழி என்பதைவிட 3, 4ஆம் வழிகளின் நடுவில் வரும் குறுக்குச் சந்து. வழக்குப் போட்ட பிறகு லோக் அதாலத்தில் வைத்துப் பேசி முடிக்கலாம். கம்பெனியும் வரும். தொகை குறையும், பணம் சீக்கிரம் வரும். அந்தத் தீர்வுக்கு மேல் அப்பீல் கிடையாது. உங்களுக்கும் கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது. கம்பெனி மதுரைக் கிளைக்குப் போய் இன்னும் மூன்று வருடம் இழுக்க முடியாது என்பதற்கே ஒரு விலை உண்டு.

மோதியது அரசுப் பேருந்து என்றால் நான் இந்த வழியை முன்னால் வைப்பேன். அங்கே பணம் கட்ட வேண்டியது போக்குவரத்துக் கழகமே. தீர்ப்பு வாங்கினாலும் கட்டாமல் இழுத்து, நிறைவேற்று மனு போட்டு, பேருந்து நிலையத்தில் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்து, பயணிகள் எல்லாம் பையோடு இறங்கி நிற்கும் செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருப்போம்!

ஒரே நிபந்தனை: மெடிக்கல் போர்டு ஊனச் சதவீதம் கொடுத்த பிறகு போங்கள். அந்தச் சதவீதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டாக்டர் காலுக்கு 25 சதவீதம் எழுதலாம். சாரம் ஏற முடியாத, குத்துக்காலிட்டு உட்கார முடியாத கொத்தனாருக்குத் தொழிலில் போனது அதற்கும் மேல். நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு அதே கால் பாதிகூட நஷ்டமாகாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் பார்க்கச் சொன்னது.

## வண்டியே தெரியாவிட்டால்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிற கூட்டத்தில், விடியற்காலையில் ஓரமாகப் போனவரை அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகள் உண்டு. நம்பர் தெரியாது. அப்போது 161ஆம் பிரிவு: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும், கலெக்டர் உத்தரவு போடுவார். வக்கீலே வேண்டாம். நிறையப் பேருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பணம் வர | தவறை நிரூபிக்க வேண்டுமா | மறைந்த செலவு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| பேசி முடித்தல் | சில நாள் | வேண்டாம் | அடுத்த ஆபரேஷன், எஃப்.ஐ.ஆர். இல்லாமை | மிகக் கடினம் |
| 164 | சில மாதம் | வேண்டாம் | வாங்கினால் 166 காலாவதி | முடியாது |
| 166, சொந்த வக்கீல் | ஓரிரு வருடம் முதல் ஐந்து வரை | வேண்டும் | பர்சன்டேஜ், காத்திருப்பு | நடுவில் சமரசம் செய்யலாம் |
| 166, சட்ட உதவி | அதே | வேண்டும் | நடை, விடாமல் கவனிப்பது | நடுவில் சமரசம் செய்யலாம் |
| மக்கள் நீதிமன்றம் | தீர்வுக்குப் பின் விரைவில் | பெரும்பாலும் பேச்சில் தீரும் | குறைந்த தொகை | அப்பீல் இல்லை |

## எந்த வழி என்றாலும் முதல் பத்து நாள்

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் எழுதும் ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை, பாருங்கள். எத்தனையோ நல்ல கேஸ் அந்த இரண்டு வரியில் செத்திருக்கிறது. கொண்டுவந்து சேர்த்தவர் போலீஸுக்குப் பயந்து "வண்டி சறுக்கித் தானா விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார், டாக்டர் அப்படியே எழுதிவிடுவார். ஆறு மாதம் கழித்து நாம் "கார் மோதியது" என்று மனு போட்டால் கம்பெனி வக்கீல் அந்த வரியைத்தான் வாசிப்பார். உதவி செய்து சேர்த்தவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. அதைச் சொல்லி உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

போன் ஆதாரத்துக்கு வருவோம். ஓட்டியவரின் அழைப்பு விவரத்தை நாமாக வாங்க முடியாது, விசாரணை அதிகாரி வாங்கலாம். புகாரிலேயே "போன் பேசிக்கொண்டு ஓட்டினார்" என்ற வரியும் பார்த்த சாட்சியின் பெயரும் இருந்தால்தான் அவர் வாங்குவார். விபத்து நேரத்தை உறுதி செய்ய 108க்கு யார் எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்பது உதவும். 7.42க்கு 108க்கு அழைப்பு, 7.38லிருந்து 7.41 வரை ஓட்டுநர் போனில் பேச்சு என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடை கேமரா பதிவுகள் சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். கடைக்காரரிடம் மறுநாளே போய்க் கேளுங்கள், போலீஸுக்கும் எழுதிக் கொடுங்கள்.

போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி. போனதா என்று கேட்பது உங்கள் உரிமை.

உங்கள் பக்கத்து ஓட்டையையும் மறைக்காதீர்கள். அடிபட்டவரும் போன் பேசியிருந்தால் அவர் பங்குத் தவறு என்று இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஒரே பைக்கில் மூன்று பேர் போனதற்காக மட்டும் கழிக்கக் கூடாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மூன்று பேர் போனதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## கல்லல் பெண்ணுக்கு நான் சொன்னது

சாட்சி இரண்டு, காருக்கு இன்சூரன்ஸ் உண்டு, கணவருக்கு 38 வயது, கால் இனி எப்படி என்று தெரியாது. ஐந்து கேள்விக்கும் பதில் ஒரே பக்கம்தான் சாய்ந்தது. கையெழுத்து வேண்டாம், முதலில் எஃப்.ஐ.ஆர்., பிறகு 166, நடுவில் மெடிக்கல் போர்டு முடிந்ததும் லோக் அதாலத் வந்தால் பார்க்கலாம் என்றேன். மனுதாரர் கணவர் என்பதால் வருமான வரம்பைக் கேட்டுக்கொண்டு வரச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

நாலாம் மாதம் மனு தட்டச்சு செய்ய வந்தார். பில் கணக்கைக் கேட்டதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மருந்து, ஆட்டோ, ஸ்கேன் என்று தேதிவாரியாக நுணுக்கி எழுதியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். "இனி எக்காலத்திலும்" என்ற வரி மறுபக்கத்தில் இருந்தது.

"நல்ல தாளா இருந்துச்சுண்ணே, எதுக்கு வீணாக்கணும்னு" என்றார்.